சுடுசோறு எந்தப் பட்டியலில் வரும்?

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து வந்தாள். உணவியலில் முதுகலை படிக்கிறாள். கையில் நாலைந்து தாள். “சித்தி, இருபத்தஞ்சு கேள்விதான். தமிழ்ல ஆக்கிக் குடுங்க. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்” என்றாள். இருபத்தெட்டு வருஷமாகத் தமிழ்ப்பாடம் நடத்துகிறவளுக்கு இருபத்தைந்து வாக்கியம் ஒரு வேலையா? டம்ளரில் இருக்கிற காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. முடித்துக் கொடுத்த பிறகும் அது என்னை விடவில்லை.

அவள் கொண்டுவந்தது யேல் உணவு அடிமைத்தன அளவுகோலின் சிறுவர் வடிவம். மூல அளவுகோலை 2009-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி கியர்ஹார்ட், வில்லியம் கார்பின், கெல்லி பிரவுனெல் மூவரும் வெளியிட்டார்கள். குடி, புகை, கஞ்சா இவற்றுக்கு ஒருவர் அடிமையாகிவிட்டாரா என்று பார்க்க மனநல மருத்துவர்கள் அப்போது வைத்திருந்த ஏழு அறிகுறிகளை அப்படியே எடுத்து, சாராயம் இருந்த இடத்தில் உணவை வைத்துக் கேட்டால் என்ன வரும் என்பதுதான் அதன் யோசனை. நினைத்ததைவிட அதிகமாகத் தின்பது, விட நினைத்து விட முடியாமல் போவது, கிடைக்காவிட்டால் உடம்பு ஒருமாதிரி ஆவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, இப்படிப் போகிறது. ஏழில் மூன்றும், கூடவே அதனால் வாழ்க்கையில் இடைஞ்சலும் இருந்தால் கோட்டைத் தாண்டியாயிற்று என்று கணக்கு. 2013-இல் கேள்விகளின் மொழியை எளிமையாக்கிச் சிறுவர்களுக்கென்று இதையே மாற்றினார்கள். இத்தனைக்கும் ‘உணவு அடிமைத்தனம்’ என்கிற நோயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் கிடையாது. சூதாட்டத்துக்கு அதில் இடம் இருக்கிறது, தீனிக்கு இல்லை. இல்லாத நோய்க்கு அளவுகோலா என்று கேட்டேன். “அளந்து பார்த்தாத்தானே இருக்கா இல்லையான்னு தெரியும் சித்தி” என்றாள். சரி, நியாயம்தான்.

முதல் முட்டுக்கட்டை கேள்வியில் வரவில்லை, முன்னுரையில் வந்தது. பெரியவர்களுக்கான மூல அளவுகோலின் தொடக்கத்தில், மனிதர்கள் கட்டுப்படுத்த முடியாமல் தின்கிற பண்டங்களுக்கு உதாரணமாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஐஸ்கிரீம், சாக்லேட், கேக், சிப்ஸ், பீட்சா, குளிர்பானம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். நடுவில் மாவுச்சத்து வகை என்று வெள்ளை ரொட்டி, பாஸ்தா, அதற்குப் பக்கத்திலேயே அரிசி. இவள் அந்தப் பட்டியலையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். நான் இருப்பது கோரையாற்றங்கரை. ஜன்னலைத் திறந்தால் சம்பா பயிர். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பதை வைத்துக் கல்யாணத் தேதி குறிக்கிற ஊரில், அரிசியைப் போதைப் பட்டியலில் சேர்த்து நான் எப்படிக் கொடுப்பது? வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது அது வெறும் சிரிப்புத்தான்.

சாப்பாடு, தீனி, நமநமப்பு

‘உணவு’ என்று போட்டால் பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் உணவு என்பது பாடப்புத்தகத்துச் சொல். வீட்டில் யாரும் “உணவு உண்டாயா” என்று கேட்பதில்லை. சாப்பாடு என்று போட்டால் பிள்ளை மனதில் வருவது சோறும் குழம்பும். தீனி என்று போட்டால் முறுக்கும் பாக்கெட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதை நாம் பாதியாக வெட்டி வைத்திருக்கிறோம், அதுவும் ஒரு தீர்ப்போடு. சாப்பாட்டை அதிகம் சாப்பிட்டால் “நல்லா சாப்பிடற புள்ள” என்பார்கள். தீனியை அதிகம் தின்றால் தின்னிப்பண்டாரம். ஒன்பதாம் வகுப்பில் வாய்மொழியாகவே கேட்டுப் பார்த்தேன்: ஃப்ரைட் ரைஸ் எதில் சேரும்? வகுப்பே இரண்டாகப் பிளந்தது. “சோறுதானம்மா அது” என்று ஒரு கட்சி. “ராத்திரி பத்து மணிக்கு ரோட்டோரமா நின்னு தின்னா அது தீனி” என்று இன்னொரு கட்சி. பரோட்டாவுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

அப்புறம் ஆசை. பசியில்லாமலே ஒரு பண்டத்துக்காக வாய் ஏங்குவதைச் சொல்ல ‘வேட்கை’ என்று எழுதி, அடித்து, ‘தீவிர விருப்பம்’ என்று எழுதி, அதையும் அடித்தேன். கடைசியில் என் மாமியார்தான் காப்பாற்றினார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “நாக்கு நமநமங்குது, ஏதாச்சும் இருந்தா குடேன்” என்றார். அவ்வளவுதான், சொல் கிடைத்துவிட்டது. பசி வயிற்றில், நமநமப்பு நாக்கில். ஆராய்ச்சிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதிப் பிரிக்கிற ஒன்றை எண்பத்தொரு வயதுக் கிழவி வெற்றிலைக்கு முன்னால் பிரித்துவிட்டார். அக்கா மகளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆய்வேட்டில் ‘நமநம’ என்று எழுதினால் வழிகாட்டி சிரிப்பாராம்.

அடிமை என்ற சொல் வேறு விதமாகக் கடித்தது. சிறுவர்களுக்கான கேள்விகள் எதிலும் அது இல்லை. தாளின் தலைப்பில் மட்டும் இவள் போட்டிருந்தாள். “அடிமைன்னா குடிக்கிறவங்கதானம்மா?” என்று ஒரு பையன் கேட்டான். இரண்டு மூன்று முகங்கள் உடனே மேசையைப் பார்த்தன. யார் வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்று இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குத் தெரியாமல் இருக்குமா? தலைப்பை எடுத்துவிடச் சொன்னேன்.

இன்னொரு கேள்வியில் நான் சண்டையே போட்டேன். முன்பு தின்ற அளவு இப்போது போதவில்லை, அதிகம் தின்றால்தான் திருப்தி வருகிறது என்கிற பொருளில் ஒன்று. குடிகாரனுக்கு இது பொருந்தும். முதலில் ஒரு குவார்ட்டர், அப்புறம் இரண்டு. பதினான்கு வயதுப் பையனுக்கு? போன வருஷம் போட்ட கால்சட்டை இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, குரல் உடைகிறது, மூன்று தோசை தின்றவன் ஏழு தின்கிறான். அவனிடம் போய் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறதா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? இது வளர்த்தியா, அடிமைத்தனமா? “அதனாலதான் ஒரு கேள்விய வச்சு முடிவு பண்றதில்ல சித்தி” என்றாள். 2018-இல் கியர்ஹார்ட் குழுவே இதைப் புதுப்பித்து 16 கேள்வியாகச் சுருக்கியபோது, பதின்வயதினரை ‘உண்டு, இல்லை’ என்று கோடு கிழித்துப் பிரிப்பதை விட்டுவிட்டுக் கூடக்குறைய என்று மதிப்பெண்ணாகவே வைத்துக்கொண்டார்களாம். பிறகு ஏன் நீ பழையதை வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதில்தான் நிறைய ஆய்வு இருக்கிறது என்றாள்.

(பெரியவர்களுக்கானதை நானே எனக்குப் போட்டுப் பார்த்தேன். காராசேவு விஷயத்தில் எனக்கு மூன்று அறிகுறி. இதற்கு மேல் அதைப்பற்றிப் பேச விரும்பவில்லை.)

பெயர் எழுத வேண்டாம்

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பெற்றோருக்குக் கடிதம் கொடுத்து, ஒன்பதாம் வகுப்பில் 38 பேரிடம் தாளைக் கொடுத்தோம். ஆய்வு என்றில்லை, மொழி புரிகிறதா என்று சோதிப்பதற்கு மட்டும். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, பயப்படாமல் போடுங்கள் என்று நானே கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பெரும்பாலான கேள்விகளுக்கு ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி எப்போதும் என்பதுவரை ஐந்து கட்டம். கடைசியில் ஒரே ஒரு வரி அவர்களாக எழுத வேண்டும்: எதைத் தின்ன ஆரம்பித்தால் உன்னால் நிறுத்த முடிவதில்லை?

பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் மகன் என் வகுப்பில்தான் இருக்கிறான். உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இலேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. இந்தக் கடை வாசலிலிருந்து பொடிநடையாக முப்பது அடி. ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். அந்தப் பையன் இடைவேளைக்கு இடைவேளை ஒன்று பிரிப்பான். விரல் நுனி எப்போதும் ஆரஞ்சு நிறம். நோட்டைத் திருப்பினாலே மசாலா வாசனை வரும். அவன் தாளை என்னிடம் நீட்டும்போதே மூடாமல் நீட்டினான். வரிசையாக ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை. பொய் எழுதியிருக்கிறானோ என்று, “கிடைக்கலன்னா எரிச்சலா வருமான்னு கேட்டிருக்கே, வராதா உனக்கு?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “கிடைக்காம இருந்ததே இல்லயேம்மா” என்றான். விட்டுவிட முயன்றதுண்டா என்பதற்கு, “எதுக்கும்மா விடணும்?”

இதற்கு என்ன பதில்? அறிகுறி என்று நாம் சொல்வதில் பாதி, கையை யாராவது தடுத்தால்தான் வெளியே தெரியும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது வயல் தாகத்தைக் காட்டுமா? பெரியவர்கள் தானாகச் சம்பாதித்து, தானாக வாங்கி, தானாக விட நினைத்துத் தோற்பவர்கள். பிள்ளைகளுக்குக் காசும் கட்டுப்பாடும் பெரும்பாலும் இன்னொருவர் கையில். அந்தக் கேள்விகள் பிள்ளையை அளக்கின்றனவா, பிள்ளைக்குப் பின்னால் இருக்கிற சுருக்குப்பையை அளக்கின்றனவா என்று அன்றைக்குத்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது.

சாயங்காலம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசியில் எப்போதாவது, சில சமயம் என்றுதான் இருந்தது. எழுதச் சொன்ன வரியில் பானிபூரி, சிக்கன் பக்கோடா, பப்ஸ், கடைப் பாக்கெட்டுகளின் பெயர்கள். ஒரு தாளில் மட்டும் எப்போதும், எப்போதும் என்று கீழே வரைக்கும். வயிறு வலிக்கிறவரை சாப்பிடுவது, எப்போதும். சாப்பாட்டு நினைப்பால் பாடத்தில் கவனம் போவது, எப்போதும். கிடைக்காவிட்டால் உடம்பு தளர்ந்துபோவது, எப்போதும். வரியில் ஒரே சொல்: ‘சுடுசோறு’.

அந்தச் சொல்லின் றகரத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். முதல் வளைவைச் சின்னதாகப் போட்டு இரண்டாவதை இழுத்துவிடுகிற கை. வருஷம் முழுக்க முப்பத்தெட்டுக் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவளுக்குப் பெயர் எதற்கு? தாளைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மறுநாள் நோட்டுக் கட்டைத் தூக்கிவர அவளைக் கூப்பிட்டேன். ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சாப்பிடவில்லை என்றாள். ஏன், பழையது இல்லையா? “பழையத அம்மா நடவுக்கு எடுத்துட்டுப் போயிரும்மா. ராத்திரிதான் உலை வைக்கும்.” தம்பி? “அவன் மூணாவது. அவனுக்கு ஸ்கூல்லயே காலைல போட்டுருவாங்க. நான்தான் கொண்டுபோய் விட்டுட்டு வருவேன். பொங்கல் போடற அன்னிக்கு வாசல்லயே மணக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுக்க விரிவானது. அதைத் தொடங்கிவைத்த இடம் எங்கோ இல்லை, பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளை. நல்ல திட்டம், நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து மத்தியானச் சத்துணவுதான். ஏழே காலுக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு முதல் கவளம் பன்னிரண்டே முக்காலுக்கு. அப்போது வயிறு வலிக்கிறவரை சாப்பிடாமல் வேறென்ன செய்யும்?

இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? “அதான் சுடுசோறுன்னு எழுதியிருந்தியா” என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறியது. கோபம் இல்லை. “பேரு எழுத வேணாம்னு நீங்கதானம்மா சொன்னீங்க” என்றாள். நோட்டுக் கட்டை மேசை ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்கக் கட்டுரை நோட்டில் அவள் றகரம் வேறு மாதிரி இருந்தது. வேண்டுமென்றே மாற்றிக்கொண்டாளா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

முப்பத்தாறு பேர்

அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நன்றாகத் திட்டினாள். இதற்காகத்தான் ஆய்வில் அறநெறிக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம், தமிழம்மாக்களை வைத்துத் தாள் வாங்கக் கூடாது என்று இனிமேல் அதில் எழுத வேண்டுமாம். அப்புறம் கணக்குப் போட்டாள். சுடுசோற்றுப் பிள்ளைக்கு ஏழில் ஐந்து அறிகுறி. படிப்புக்கு இடைஞ்சலும் சேர்த்தால் அளவுகோலின்படி அவள் உணவுக்கு அடிமை. பெட்டிக்கடைப் பையனுக்குப் பூஜ்யம்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில் தொடங்கி, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்திய சோதனையை அவள்தான் சொன்னாள். போருக்குப் போக மனச்சாட்சி ஒப்பாத 36 இளைஞர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். நல்ல ஆரோக்கியமான ஆட்கள், தீனி வெறி எதுவும் கிடையாது. 24 வாரம் அரை வயிறும் கால் வயிறுமாக வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாடு. திரும்ப வயிறாரப் போட ஆரம்பித்த பிறகு சிலரால் நிறுத்தவே முடியவில்லை. வயிறு வெடிக்கும் அளவுக்குத் தின்றுவிட்டும் பசிக்கிறது என்றார்கள். அன்று அவர்களிடம் இந்த 25 கேள்விகளைக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் கோட்டைத் தாண்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. பந்தியில் அவசர அவசரமாக அள்ளுகிறவனைப் பார்த்து, “காணாதது கண்டவன்” என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள். ஆனால் காரணத்தையும் அந்த இரண்டு சொல்லிலேயே வைத்துவிட்டார்கள்: அவன் கண்டதில்லை.

இதனால் அளவுகோலே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பாக்கெட் விஷயம் பொய்யில்லை. 2019-இல் கெவின் ஹால் என்பவர் அமெரிக்காவில் 20 பேரை நான்கு வாரம் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பண்டங்களையும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல்போல அதிகம் பதப்படுத்தாததையும் கொடுத்துப் பார்த்தார். இரண்டிலும் பரிமாறிய சத்தின் அளவு ஒன்றுதான், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலைப் பண்ட வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். நாலு மணிக்கு அந்தக் கடை வாசலில் நின்று பார்த்தால் எனக்கு ஆய்வகம் வேண்டாம். கடைசித் துகளுக்காகப் பாக்கெட்டைக் கிழித்து உள்பக்கத்தை நக்குகிற பிள்ளைகளைத் தினம் பார்க்கிறேன். சுடுசோற்றை யாரும் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. ஆனால் தாளில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. கேள்விகள் கடந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கேட்கின்றன. எங்கள் ஊரில் வருஷம் சமதரை இல்லை. நடவும் களையும் அறுப்பும் இருக்கிற மாதங்களில் அந்தப் பிள்ளையின் வீட்டில் ராத்திரி உலை நிச்சயம். அறுப்பு முடிந்து பங்குனி, சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும்போது அவள் அம்மாவுக்கு வேலை ஏது? நடவுக்கும் இயந்திரம் வந்த பிறகு வேலை நாளே குறைந்துபோயிற்று. ‘அடிக்கடி’ என்றால் எந்த மாதத்து அடிக்கடி என்று அந்தப் பிள்ளை யாரைக் கேட்கும்?

அக்கா மகள் கடைசியில் 16 கேள்வி வடிவத்துக்கே மாறினாள். அரிசியைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் மூலத்துக்கு உண்மையாக இருக்காது, சேர்த்தே வைத்து யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம் என்றாள். கேள்விகளுக்கு முன்னால் இரண்டு வரி மட்டும் கூடுதலாகப் போட்டாள்: இன்று காலை என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணிக்கு? வழிகாட்டி ஒத்துக்கொண்டாராம். ‘நமநம’வுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் வேறு வகுப்பில் திரும்பவும் தாள் கொடுத்தார்கள். இந்த முறை நான் அந்தப் பக்கமே போகவில்லை. உடற்கல்வி ஆசிரியர்தான் வாங்கி, கட்டி, உறையில் போட்டார். அவருக்குக் கையெழுத்தெல்லாம் தெரியாது, யார் எவ்வளவு தூரம் ஓடுவார்கள் என்று மட்டும்தான் தெரியும். தபாலில் அனுப்புவதற்காக அந்த உறையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒட்டியிருக்கவில்லை. மேல் தாளின் முதல் இரண்டு வரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்ன சாப்பிட்டாய் என்பதற்கு நேரே ஒரு கோடு, எத்தனை மணிக்கு என்பதற்கு நேரே இன்னொரு கோடு. கோட்டில் கையெழுத்து தெரிவதில்லை. தாளை உள்ளே தள்ளி, பசை தடவி ஒட்டினேன்.